அளவு குறைந்தால் அரண் இடிந்ததா?

 

மேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய அத்தாவும் அம்மாவும் உம்ரா செல்ல நிய்யத் வைத்திருக்கின்றனர். பயணத்துக்கு முன் உடலைச் சோதித்துக்கொள்வோமே என்று மதுரை நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருவரும் இரத்தம் கொடுத்துள்ளனர். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என நீண்ட பட்டியலின் இறுதியில் 'கொரோனா ஆன்டிபாடி' என்றொரு வரி. அத்தாவுக்கு ஆயிரங்களில் ஓர் எண். அம்மாவுக்கோ மிகச் சிறிய எண். அன்று தொடங்கியது தொல்லை. அத்தா, "என் இரத்தத்திலேயே எதிர்ப்புச் சக்தி பொங்கி வழிகிறது; ஃப்ளூ ஊசியும் வேண்டாம், வேறெந்த ஊசியும் வேண்டாம்" என்கிறார். அம்மாவோ, "எனக்கு ஒன்றுமே இல்லையாமே, அவ்வளவு கூட்டத்தில் நான் எப்படித் தவாஃப் செய்வேன்?" என்று இரவெல்லாம் உறங்காமல் கிடக்கிறார். "ஹஜ்ரத், இருவரில் யார் சரி?" என்பது சகோதரியின் கேள்வி.

இருவருமே சரியில்லை என்பதுதான் விடை. ஆனால் ஒரு வரியில் முடித்துவிடக் கூடிய விடையன்று. சகோதரியின் வீட்டில் மட்டுமா இந்தக் குழப்பம்? காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் கோரிப்பாளையத்திலும் ஆய்வுக்கூட அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதை நோயில்லாமைக்கான சான்றிதழ் போல் நீட்டும் பெரியவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்! ஓதிக்கொடுப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மருந்து எழுதித்தர நான் முன்வரவில்லை. ஓர் எண்ணுக்கு என்ன பொருள் உண்டு, என்ன பொருள் இல்லை என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் அத்தாவின் தவற்றைப் பார்ப்போம். நோய்க் கிருமி ஒன்று உடலுக்குள் புகும்போதும், அதன் சாயலைத் தடுப்பூசி காட்டும்போதும், நம் இரத்தத்தில் அதற்கென்றே ஒரு வகைப் புரதம் உருவாகிறது. ஆன்டிபாடி என்று ஆய்வுக்கூடத்தார் குறிப்பிடும் அந்தப் பொருளை நாம் எதிர்ப்பொருள் என்போம். அது எல்லாக் கிருமிகளையும் அடிக்கும் பொதுக் கம்பு அன்று. திண்டுக்கல் பூட்டுக்குச் செய்த சாவியைப் போன்றது. தன் பூட்டைத் தவிர வேறொன்றிலும் நுழையாது. கொரோனாவுக்கு எதிரான பொருள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸா கிருமியின் முன்னால் அது வெறும் பார்வையாளன். மூளை உறைக் காய்ச்சலின் கிருமி முன்னாலும் அவ்வாறே. ஆகவே அந்த ஒரு வரியைக் காட்டி மற்ற ஊசிகளை மறுப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு நோய்க்கான எதிர்ப்பொருளின் அளவு, அந்த நோயிலிருந்தேனும் நாம் எவ்வளவு காலம் காக்கப்படுவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுமா?

இக்கேள்வியின் வரலாறு பழையது. 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர், ஃப்ளூ கிருமியைக் கோழியின் இரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அக்கலவையில் முன்பே அந்நோய் கண்டு தேறியவரின் இரத்த நீரைச் சேர்த்தால் அவை ஒட்டுவதில்லை! எதிர்ப்பொருள் கிருமியின் கைகளைக் கட்டிவிடுகிறது. அந்த இரத்த நீரைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று நீர்த்துப்போகச் செய்துகொண்டே வந்து, எந்த அளவு வரை அது கட்டிப்போடுகிறது என்று பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். 1972இல் பிரிட்டனில் ஹாப்சன் என்பவரும் அவருடைய தோழர்களும், தாமாக முன்வந்தவர்களுக்கு ஃப்ளூ கிருமியைச் செலுத்தி யாருக்கு நோய் தொற்றுகிறது என்று கணக்கெடுத்தனர். நாற்பது மடங்கு நீர்த்த பின்னும் தடுக்கும் வலிமையே பாதுகாப்புக்கு அடையாளம் என்ற வழக்கு அதன்பின் நிலைத்தது. இன்றும் புதிய ஃப்ளூ தடுப்பூசிகளை மதிப்பிட அந்த அளவுகோல் பயன்படுகிறது.

ஆனால் அந்த 'நாற்பது' என்பதன் உட்பொருளை எத்தனை பேர் அறிவார்கள்? அந்த அளவு உள்ளவர்களிடையே நோய்த் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பதே அதன் பொருள். பாதிதான்! நாற்பதைத் தொட்டவன் கோட்டைக்குள் இருக்கிறான், தொடாதவன் வெளியே நிற்கிறான் என்பதன்று.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் எத்தனை அடி என்று நாளிதழில் பார்க்காத விவசாயி மதுரைச் சீமையில் உண்டா? அறுபதைத் தாண்டிவிட்டால் முகம் மலர்கிறது. நாற்பதுக்குக் கீழே போனால் வாடுகிறது. மட்டம் உயர்ந்த ஆண்டுகளில் விளைச்சல் பொதுவாகக் கூடும் என்பது உண்மையே. ஆனால் மேலூர்க் கடைமடையில் உள்ள ஒரு தனி வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதை அணையின் அடிக்கணக்கு மட்டும் சொல்லிவிடுமா? கள்ளந்திரி வரை உள்ளவர்களுக்கு ஒரு முறை, அதற்கப்பால் உள்ளவர்களுக்கு வேறு முறை. வாய்க்கால் தூர்ந்திருக்கலாம்; மடை உடைந்திருக்கலாம்; மாறாக, அணை வற்றிய ஆண்டிலும் சொந்தக் கிணற்றால் ஒருவன் அறுவடை செய்துவிடலாம். எதிர்ப்பொருளின் அளவும் இப்படித்தான். பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கையில் அது நல்ல குறிகாட்டி. தனி ஒருவரின் தலைவிதியை எழுதும் பேனா அன்று.

குறிகாட்டி என்ற முறையில் அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குக் கொரோனாக் காலத்திலேயே சான்று கிடைத்தது. 2021 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் கூரி, மைல்ஸ் டேவன்போர்ட் முதலிய ஆய்வாளர்கள் பல தடுப்பூசிகளின் சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தனர். நோய் கண்டு தேறியவர்களின் சராசரி எதிர்ப்பொருள் வலிமையை நூறு என்று கொண்டால், அதில் இருபது அளவு இருந்தாலே நோய்த் தொற்றுக்கு எதிராகப் பாதிப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று கண்டனர். கடும் நோய்க்கு எதிராகப் பாதிப் பாதுகாப்புக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? வெறும் மூன்று! நம் நாட்டின் கோவாக்சின் எவ்வளவு பலன் தரும் என்று இதே கணக்கைக் கொண்டு கணித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 80 சதவீதம் என்று வந்தது. அந்தத் தடுப்பூசியின் இடைக்காலச் சோதனை முடிவும் அதையொட்டியே இருந்தது.

இருபதுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கண்ணீருக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

தமிழகத்தில் கொரோனாத் தடுப்பூசித் திட்டம் நம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான், 2021 ஜனவரி 16 அன்று, அப்போதைய முதலமைச்சரால் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில், மாநிலப் பொது சுகாதாரத் துறை எல்லா மாவட்டங்களிலும் வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ 26 ஆயிரம் பேரின் இரத்தத்தைச் சோதித்திருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. பெரம்பலூரில் பாதிப் பேர். நீலகிரியில் பத்தில் ஒருவர் அளவுதான். 2021 ஏப்ரலில் மறுபடியும் ஆய்வு செய்தபோது விகிதம் ஏறியிருக்க வேண்டுமன்றோ? ஏறவில்லை, முன்னதைவிடக் குறைந்திருந்தது! நோய் கண்டவர்கள் மாயமாய் மறைந்துவிட்டார்களா? இல்லை. ஆறு மாதங்களில் பலருடைய இரத்தத்தில் எதிர்ப்பொருள், கருவிக்குத் தென்படும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது அதற்கொரு காரணம். அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் இரண்டாம் அலைக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கினரிடம் காணப்பட்டது. டிசம்பரில் தடுப்பூசியும் சேர்ந்து 87 சதவீதத்தை எட்டியது.

எண்பத்தேழு! இனி நோய் தலைகாட்டாது என்றுதான் யாரும் நினைப்பர். அடுத்த மாதமே ஒமைக்ரான் வந்தது. 2022 ஜனவரியின் பிற்பகுதியில் தமிழகத்தில் நாளொன்றுக்கு முப்பதாயிரம் பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. ஏறக்குறைய 2021 மே மாத உச்சத்துக்கு நிகரான எண்ணிக்கை. ஆனால் 2021 மே மாத இறுதியில் நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்களும் பிணங்களும் இந்த மாநிலத்திலிருந்து புறப்பட்டன. 2022 ஜனவரியில் அத்தொகை சில பத்துகளில் நின்றது. ஒமைக்ரான் சற்றுச் சாதுவான கிருமி என்பதும் உண்மையே. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. எனினும் தொற்றைத் தடுக்க இயலாத எதிர்ப்பு, உயிரைக் காக்க இயன்றது என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

இது எப்படி நேர்கிறது? இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் நிலையான பொருளன்று. அதன் முக்கிய வகை மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பாதியாகக் கரைகிறது. ஊசி போட்ட புதிதில் ஏராளமான அணுக்கள் அவசரமாக அதைச் சுரக்கின்றன. பின்பு அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். எஞ்சிய சில எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே அளவு முதலில் விரைந்து இறங்கிப் பின்பு மெல்ல நிதானப்படுவது இயற்கை. இவையன்றி வேறொரு கூட்டமும் உண்டு. நினைவணுக்கள் என்று அவற்றைச் சொல்லலாம். அவை எதையும் சுரப்பதில்லை. கிருமியின் முகத்தை மட்டும் மறவாமல் காத்திருக்கின்றன. ஆய்வுக்கூட அறிக்கையில் அவற்றுக்கு எண் கிடையாது.

கோடையில் வைகையைப் பார்த்திருப்பீர்கள். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வெறும் மணல். வெளியூர்க்காரர் ஆறு செத்துவிட்டது என்பார். மணலில் ஊற்றுத் தோண்டத் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

இந்த ஊற்று எத்தனை காலம் நிற்கும்? 1918இல் உலகை உலுக்கிய ஃப்ளூ காய்ச்சலின்போது குழந்தைகளாக இருந்து, 91 முதல் 101 வயது வரை வாழ்ந்துகொண்டிருந்த 32 பேரின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பழைய கிருமியை அடையாளம் காணும் அணுக்கள் அவர்களிடம் உயிரோடு இருந்தன. சுப்ஹானல்லாஹ்! சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோய் கண்டு தேறியவர்களிடம் 17 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நோயை நினைவில் வைத்திருந்த 'டி' அணுக்களை 2020இல் கண்டனர்.

அப்படியானால் தட்டம்மை ஒரு முறை வந்தால் மறுபடி வருவதில்லையே, ஃப்ளூ மட்டும் ஏன் ஆண்டுதோறும் வருகிறது? இரண்டும் மூச்சு வழியே புகும் கிருமிகள்தாமே? நல்ல கேள்வி. அம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்துத் தனி நூலே எழுதிய மேதை அபூபக்ர் அர்ராஸீ அவர்களையும் சிந்திக்க வைத்த பொருளே இது. ஒருவருக்கு ஏன் ஒரே முறை காண்கிறது என்பதற்கு அவர் இரத்தத்தின் இயல்பைக் கொண்டு விளக்கம் தேடினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. பின்னர் 1846இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். ஏறத்தாழ எட்டாயிரம் மக்களில் ஆறாயிரம் பேர் படுத்துவிட்டனர். ஆனால் 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல், அந்நோய் கண்டிருந்த முதியவர் எவருக்கும் அது மறுபடி வரவில்லை என்று அவர் பதிவு செய்தார். இடைப்பட்ட காலத்தில் அத்தீவுகளில் அந்நோயே இல்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, தட்டம்மைக் கிருமி வேடம் மாற்றுவதில்லை. ஃப்ளூவும் கொரோனாவும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மற்றொன்று அதிகம் பேசப்படாதது. தட்டம்மை உடலில் புகுந்து, இரத்தத்தில் பரவி, வெளிப்படப் பத்து நாட்களுக்கு மேலாகிறது. உறங்கும் நினைவணுக்கள் விழித்து, படை திரட்ட அந்த அவகாசம் போதும். ஃப்ளூவோ மூக்கிலும் தொண்டையிலும் இறங்கி இரண்டு மூன்று நாட்களில் தன் வேலையை முடித்துவிடுகிறது. நினைவணுக்கள் விழிப்பதற்குள் காய்ச்சல் வந்துவிடும். வாசலிலேயே தடுக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் எதிர்ப்பொருள் தயாராக, போதிய அளவில் நிற்க வேண்டும். ஆயினும் கிருமி நுரையீரலின் ஆழம் வரை இறங்கி உயிருக்கு உலை வைக்கச் சில நாட்கள் ஆகுமல்லவா? அதற்குள் நினைவணுக்கள் எழுந்துவிடுகின்றன. இருபதுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளியின் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

எண்ணிக்கையைப் போலவே தரமும் முக்கியம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற கிருமிக்கு ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உயர்ந்தது. சோதித்தவர்களும் நம்பிக்கை கொண்டனர். ஆனால் கிருமி வந்தபோது ஊசி போட்ட குழந்தைகளே மிகுதியாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த எதிர்ப்பொருள் கிருமியின் மேல் ஒட்டியது, ஆனால் அதை முடக்கவில்லை. எந்த இடத்தைப் பிடித்தால் அது முடங்கும் என்பது 2013இல்தான் தெளிவாயிற்று. பத்தாண்டுகள் கழித்து 2023இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கான நல்ல தடுப்பூசிகள் அனுமதி பெற்றன.

ஆய்வுக்கூட அறிக்கைக்குத் திரும்புவோம். ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைதான் அங்கே பெரும்பாலும் நடக்கிறது; முடக்குகிறதா என்று பார்ப்பதற்குச் செலவு மிகுந்த தனிக் கூடம் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் அலகு. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை வகுத்தது. ஆனால் எல்லா அறிக்கைகளும் அதன்படி வருவதில்லை. ஒரு கூடத்தின் நூறும் மற்றொரு கூடத்தின் நூறும் ஒன்றல்ல. அதுமட்டுமா? பழைய வடிவக் கிருமியைக் கொண்டு அளந்த எண், மாறிவிட்ட கிருமியிடம் செல்லாக்காசாகிவிடக் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021 மே மாதத்திலேயே, தடுப்பூசிக்குப் பின் ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இச்சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்திவிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கு '10' என்ற ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை உண்டு. மருத்துவமனை ஊழியர்களுக்கு அதைச் சோதிக்கிறார்கள். அந்த வழக்கத்தைப் பார்த்துவிட்டு எல்லா நோய்க்கும் ஓர் எல்லை இருக்கும் என்று நாம் கருதிக்கொள்கிறோம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர், புற்றுநோய் மருந்து உட்கொள்பவர் ஆகியோருக்கு மருத்துவர் தாமே ஒரு காரணத்தோடு இச்சோதனையை எழுதித் தரலாம். அது வேறு செய்தி. மலிவுத் தொகுப்பில் இலவச இணைப்பாக வரும் வரிக்கு ஏன் இத்தனை கண்ணீர்?

ஆகவே, சகோதரியே! அம்மாவிடம் சொல்லுங்கள்: அவர் தடுப்பூசி போட்டவர், நோயும் ஒரு முறை கண்டு தேறியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறிய எண், அவரிடம் ஒன்றுமே இல்லை என்று பொருள்படாது. அத்தாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பெரிய எண் ஃப்ளூவைத் தடுக்காது. ஃப்ளூ தடுப்பூசி சென்ற ஆண்டு போட்டிருந்தாலும் இவ்வாண்டு மறுபடி வேண்டும். எதிர்ப்பொருளும் சில மாதங்களில் இறங்கிவிடும், கிருமியும் மாறிவிடும். மாற்றத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு இரு முறை உலக சுகாதார நிறுவனம் புதிய கலவையைப் பரிந்துரைக்கிறது. ஊசி பலன் தர இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் விமானம் ஏறும் முன்தினம் போடுவதில் பயனில்லை. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூ மிகும். புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நன்று. மூளை உறைக் காய்ச்சல் ஊசி சவூதி அரசு கட்டாயமாக்கியது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். ஊசியின் வகையைப் பொறுத்து அச்சான்றிதழ் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எல்லாவற்றையும் இருவரின் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துச் சீட்டுகளோடு உங்கள் மருத்துவரிடம் கொண்டுசென்று கேளுங்கள்.

இப்பயணத்தில் ஊசிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த 'ரஜூலா' கப்பலில்தான் ஆசிய ஃப்ளூ இந்நாட்டில் கால் வைத்தது. நம் பாட்டனார்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த அதே கப்பல்! குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய ஃப்ளூ மையம் அக்கிருமியை ஆராய்ந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பல நாட்டு மக்கள் ஒரே கூரையின் கீழ் நெருங்கி இருக்கும் பயணங்களில் மூச்சுக் கிருமிக்கு விசா தேவையில்லை.

முனிச்சாலையிலிருந்து இன்னொரு சகோதரி, "தட்டம்மை ஊசியைக் குழந்தைக்கு ஒன்பது மாதம் வரை ஏன் போடாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்பொருளே ஊசியின் வேலையைக் கெடுத்துவிடுவதுதான் காரணம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நம் தெருக்களில் உலவிய வதந்திகளையும் சேர்த்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.